ஏனோக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில்தான் ஏனோக்கைப் பற்றிய கேள்விகள் வரும். மிச்சம் இருப்பவை ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. ஆதியாகமம் என்ன சொல்கிறது, அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த புத்தகங்கள் என்ன சொல்கின்றன, யூதர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தனித்தனியாக வைத்துப் பாருங்கள். இந்த மூன்றையும் கலக்கும்போதுதான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

ஏனோக்கு யாருங்க? பேர் கேட்டிருக்கேன், கதை ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லாததில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் அவரைப் பற்றிய கதை பைபிளில் கிடையாது. ஆதியாகமம் 5-ம் அதிகாரத்தில் ஆதாம் முதல் நோவா வரை பத்துத் தலைமுறை வம்ச வரலாறு வருகிறது. அதில் ஏழாவது ஆள் ஏனோக்கு. அப்பா யாரேத், மகன் மெத்தூசலா. நோவாவுக்கு இவர் கொள்ளுத்தாத்தா. அவருடைய வாழ்க்கை முழுவதும் 21 முதல் 24 வரை நாலே வசனத்தில் முடிந்துவிடுகிறது.

அந்த அதிகாரத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் இத்தனை வருஷம் இருந்தார், குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றார், மரித்தார் என்று ஒரே தாளத்தில் போகும். ஏனோக்கிடம் வரும்போது மட்டும் அந்தக் கடைசிச் சொல் இல்லை. "ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்" என்று இருக்கிறது. அவ்வளவுதான். பின்னால் வந்த அத்தனை புத்தகங்களும் மரபுகளும் இந்த ஒரு வசனத்திலிருந்து கிளம்பியவை.

காயீனோட மகன் பேரும் ஏனோக்குதானே? ரெண்டு பேரும் ஒரே ஆளா?

இல்லை, வேறு வேறு ஆட்கள். காயீனின் மகன் ஏனோக்கு 4-ம் அதிகாரத்தில் வருகிறார். காயீன் ஒரு பட்டணத்தைக் கட்டி அதற்கு அவர் பெயரை வைத்தான். நாம் பேசுகிற ஏனோக்கு சேத்தின் வழியில் வந்தவர். சேத்தின் மகன் ஏனோஸையும் இவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஏனோஸ் மூன்றாம் தலைமுறை, ஏனோக்கு ஏழாம் தலைமுறை.

மத்தவங்க எல்லாம் 900 வருஷம் இருந்திருக்காங்க, இவருக்கு மட்டும் ஏன் 365?

இவருடைய அப்பா யாரேத் 962, மகன் மெத்தூசலா 969. நடுவில் இவர் மட்டும் 365. ஒரு சூரிய ஆண்டின் நாட்கள் 365 என்பதால், இந்த எண்ணுக்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று நெடுங்காலமாகப் பலர் கருதி வந்திருக்கிறார்கள். ஆதியாகமம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் மெத்தூசலா பிறந்தபோது ஏனோக்குக்கு 165 வயது, எபிரெய பைபிளில் 65. ஆனால் கூட்டுத்தொகை இரண்டிலும் 365 தான்.

எபிரெய பைபிளின் எண்களை வைத்துக் கூட்டிப் பாருங்கள். சிருஷ்டிப்பிலிருந்து 622-ம் வருஷத்தில் ஏனோக்கு பிறக்கிறார், 987-ல் எடுத்துக்கொள்ளப்படுகிறார். ஆதாம் இறந்தது 930-ல். அதாவது ஏனோக்கின் வாழ்நாளில் 308 வருஷம் ஆதாம் உயிரோடு இருந்திருக்கிறார். ஏனோக்கு காணாமல் போன அன்று சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத் எல்லோரும் இருக்கிறார்கள். யாரேத் அதற்குப் பிறகு 435 வருஷம் வாழ்ந்தார். மகனைக் காணாமல் இத்தனை காலம் இருந்த அந்தத் தகப்பனைப் பற்றி ஆதியாகமம் எதுவும் சொல்லவில்லை. வகுப்பில் இந்தக் கணக்கைப் பலகையில் போடும்போதெல்லாம் என் மனசு யாரேத்திடம்தான் போகிறது.

தேவனோடு சஞ்சரித்தார்னா காட்டுக்குப் போயி தவம் பண்ணினாரா?

இல்லை. மெத்தூசலா பிறந்த பிறகு 300 வருஷம் தேவனோடே சஞ்சரித்தார் என்று சொல்லும் அதே வசனம், குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றார் என்றும் சொல்கிறது. வீடு, பிள்ளை குட்டி எல்லாவற்றோடும்தான் அந்த 300 வருஷமும் போயிருக்கிறது. எபிரெயர் 11:5 அவர் தேவனுக்குப் பிரியமானவர் என்று சாட்சி பெற்றார் என்கிறது. நோவாவும் இதேபோல் சஞ்சரித்தார் என்று ஆதியாகமம் 6:9 சொல்கிறது.

பிற்கால எழுத்துகளில்தான் அவர் மனிதர்களை விட்டு விலகி மறைவாக இருந்தார் என்ற சித்திரம் வருகிறது.

ஏனோக்கு சாகவே இல்லையா? தெளிவா ஒரு பதில் சொல்லுங்க.

கிறிஸ்தவர்களுக்குப் பதில் தெளிவு. "மரணத்தைக் காணாதபடிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டான்" என்று எபிரெயர் 11:5-ல் நேராகவே இருக்கிறது. அக்கினி ரதத்தோடு சுழல்காற்றில் பரலோகம் போன எலியாவோடு சேர்த்து, மரணம் காணாதவர்கள் இருவர் என்று நம் சபைகளில் சொல்வது இதனால்தான்.

யூத மரபில் இந்த விஷயத்தில் ஒரே கருத்து கிடையாது. ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் விளக்கத்தில், ஏனோக்கு சில சமயம் நல்லவராகவும் சில சமயம் வழுவுகிறவராகவும் இருந்தார், நல்லவராக இருக்கும்போதே எடுத்துக்கொள்வோம் என்று கடவுள் எடுத்துக்கொண்டார் என்று வருகிறது. அதே இடத்தில் ரபி (யூத வேத போதகர்) அபாகு, எடுத்துக்கொண்டார் என்றால் இறந்தார் என்றுதான் பொருள் என்று வாதாடுகிறார். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் மனைவி இறந்ததற்கும் அதே வார்த்தைதான் வருகிறது என்பது அவர் காட்டும் ஆதாரம். பின்னால் இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியும் ஏறக்குறைய இதே வழியில்தான் விளக்கம் எழுதினார். கெட்டுப்போவதற்குள் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற எண்ணம் கத்தோலிக்க பைபிளில் உள்ள சாலமோனின் ஞானம் 4-ம் அதிகாரத்திலும் இருக்கிறது, பெயர் மட்டும் சொல்லப்படவில்லை. ரபிகள் அவரை ஏன் இப்படிக் குறைத்துச் சொன்னார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள், கீழே மெட்டட்ரோன் கேள்வியைப் பாருங்கள்.

ஏனோக்கின் புத்தகம்னு ஒண்ணு இருக்காமே, அவரே எழுதினதா?

அவர் பெயரில் இருக்கிறது, அவர் எழுதியதல்ல. கிறிஸ்துவுக்கு முன் 3-ம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய கிறிஸ்துவின் காலம் வரை, பல கைகள் எழுதியவற்றைச் சேர்த்த தொகுப்பு அது. பழங்காலப் பெரியவர் ஒருவர் பெயரில் எழுதுவது அந்தக் காலத்து யூதர்களிடம் இருந்த வழக்கம். மொத்தம் 108 அதிகாரங்கள், ஐந்து பகுதிகள். முழுப் புத்தகமும் எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீயஸில் மட்டுமே பிழைத்திருக்கிறது. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி அங்கிருந்து மூன்று பிரதிகளை 1773-ல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ரிச்சர்ட் லாரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821-ல் வந்தது.

இது பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் கட்டியதோ என்ற சந்தேகம் அப்போது இருந்தது. 1952-ல் சவக்கடல் அருகே கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த துண்டுகளில் இந்தப் புத்தகத்தின் அரமேயப் பிரதிகள் பதினொன்று அடையாளம் காணப்பட்டன. அவற்றில் பழையவை கிறிஸ்துவுக்கு முந்தியவை. ஒரு பகுதி மட்டும், 37 முதல் 71 வரை உள்ள உவமைகள், அங்கே கிடைக்கவே இல்லை.

"இரண்டாம் ஏனோக்கு", "மூன்றாம் ஏனோக்கு" என்றும் புத்தகங்கள் உண்டு. இரண்டாவது ஸ்லாவிய மொழியிலும் மூன்றாவது எபிரெயத்திலும் இருப்பவை. இவை ஒரே புத்தகத்தின் பாகங்கள் அல்ல, தனித்தனி நூல்கள்.

அதுல அப்படி என்னதான் இருக்கு?

முதல் 36 அதிகாரங்கள்தான் அதிகம் பேசப்படுபவை. ஆதியாகமம் 6-ம் அதிகாரத் தொடக்கத்தில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை மணந்ததாகவும் அக்காலத்தில் இராட்சதர் இருந்ததாகவும் நாலு வரி இருக்கிறதல்லவா, அதை விரித்துச் சொல்கிறது. காவலர்கள் என்று அழைக்கப்படும் தூதர்கள் 200 பேர் எர்மோன் மலை உச்சியில் இறங்குகிறார்கள். தலைவன் செமியாசா தயங்குகிறான், பாவம் முழுக்கத் தன் ஒருவன் தலையில் விழுந்துவிடும் என்று பயப்படுகிறான். அதனால் எல்லோரும் சேர்ந்து சத்தியம் செய்கிறார்கள். பிறகு மனிதப் பெண்களை மணக்கிறார்கள். பிறந்த இராட்சதர்கள் ஜனங்களின் விளைச்சலையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் ஜனங்களையே தின்ன ஆரம்பிக்கிறார்கள். அசாசேல் என்பவன் வாள், கேடயம் செய்யவும், வளையல் செய்யவும், கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான்.

பூமியின் கூக்குரல் வானம் எட்டுகிறது. தீர்ப்பைக் காவலர்களிடம் சொல்ல ஏனோக்கு அனுப்பப்படுகிறார். அவருக்கு அங்கே "நீதியின் எழுத்தர்" என்று பட்டம். நடுங்கிப்போன காவலர்கள், வானத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட வெட்கப்பட்டு, எங்களுக்காக ஒரு மன்னிப்பு மனு எழுதிக்கொடுங்கள் என்று அவரிடமே கேட்கிறார்கள். அவர் எழுதுகிறார். எர்மோனுக்குத் தென்மேற்கே தாண் நாட்டுத் தண்ணீர் அருகே உட்கார்ந்து, தூக்கம் வரும்வரை அந்த மனுவை வாசித்துக்கொண்டே இருக்கிறார். தரிசனத்தில் கிடைக்கும் பதில் கடுமையானது: மனிதர்களுக்காக நீங்கள் மன்றாட வேண்டியிருக்க, உங்களுக்காக ஒரு மனிதன் மன்றாடுவதா? மனு தள்ளுபடி. பரிந்து பேசுகிறவராக ஏனோக்கைக் காட்டும் இந்த இடம்தான் முழுப் புத்தகத்திலும் எனக்குப் பிடித்தது. இராட்சதர்களை மட்டும் காட்டும் வீடியோக்கள் இதைத் தொடுவதே இல்லை.

மற்ற பகுதிகளில் சூரிய சந்திரக் கணக்கு, இஸ்ரவேலின் வரலாற்றை ஆடுமாடுகளாகக் காட்டும் கனவு, ஏழைகளை ஒடுக்கும் பணக்காரர்களுக்கு எதிரான எச்சரிக்கைகள் எல்லாம் இருக்கின்றன.

அதுல 364 நாள் காலண்டர் இருக்குன்னு சொல்றாங்க. அவர் வயசு 365 தானே, இடிக்குதே?

இடிக்கத்தான் செய்கிறது. 72 முதல் 82 வரை உள்ள அதிகாரங்களில் ஊரியேல் தூதர் ஏனோக்குக்குச் சூரியன் உதிக்கும் ஆறு வாசல்களையும் மறையும் ஆறு வாசல்களையும் காட்டுகிறார். ஆண்டுக்கு 364 நாள் என்று அடித்துச் சொல்கிறார். 364-ஐ ஏழால் வகுத்தால் மீதி இல்லாமல் 52 வாரம். பண்டிகைகள் ஒவ்வொரு வருஷமும் ஒரே கிழமையில் வரும், ஓய்வுநாளோடு மோதாது. கும்ரானில் கிடைத்த சுவடிகளிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. உண்மையான சூரிய ஆண்டோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு ஒன்றே கால் நாள் பின்தங்கும் என்பதும் உண்மைதான்.

இவ்வளவு நல்ல புத்தகம்னா பைபிள்ல ஏன் இல்ல? ரோம்ல மறைச்சு வெச்சுட்டாங்கன்னு யூடியூப்ல பார்த்தேன்.

யாரும் மறைக்கவில்லை. கி.பி. 325-ல் நிசேயா சங்கம் நீக்கிவிட்டது என்று சொல்வதும் சரியல்ல. அந்தச் சங்கம் பைபிளில் எந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கவில்லை. ஏனோக்கின் புத்தகம் எபிரெய பைபிளில் இடம்பெறவில்லை. கிறிஸ்தவர்களிடையே ஆரம்பத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதை வெளிப்படையாகவே ஆதரித்தார், வெள்ளத்துக்கு முந்திய புத்தகம் எப்படிப் பிழைத்தது என்று கேட்டவர்களுக்கு நோவா வழியாக வந்திருக்கலாம் என்று பதிலும் சொன்னார். பின்னால் அகுஸ்தீன், இவ்வளவு பழமையானது என்று சொல்லப்படுவதன் உண்மையை உறுதி செய்ய முடியாது என்று ஒதுக்கினார். கிரேக்க, லத்தீன் சபைகளில் படிப்படியாகப் படிப்பவர்கள் குறைந்தார்கள், பிரதி எடுப்பவர்களும் குறைந்தார்கள்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாகெதோ சபை அதைக் கைவிடவே இல்லை. அவர்களுடைய 81 புத்தக பைபிளில் அது இன்றும் இருக்கிறது. மறைக்கப்பட்ட புத்தகம் என்று நாம் சொல்லும்போது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதிக் காப்பாற்றிய அந்த மக்களைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுகிறோம். அது நியாயமில்லை.

அப்புறம் யூதா நிருபத்துல மட்டும் எப்படி வருது?

புதிய ஏற்பாட்டில் உள்ள யூதா நிருபம் 14, 15 வசனங்களில், ஆதாமுக்கு ஏழாம் தலைமுறையான ஏனோக்கு, ஆயிரமாயிரமான பரிசுத்தவான்களோடு கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று தீர்க்கதரிசனம் சொன்னதாக வருகிறது. இது ஏனோக்கின் புத்தகம் 1:9-ஓடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. அந்த வசனம் கும்ரான் துண்டுகளிலும் இருப்பதால், யூதாவைப் பார்த்து பின்னால் யாரோ சேர்த்தார்கள் என்று சொல்ல வழியில்லை.

மேற்கோள் காட்டிவிட்டதால் முழுப் புத்தகமும் வேதமாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. தெர்த்துல்லியன் கிட்டத்தட்ட அப்படித்தான் வாதிட்டார். நேர்மாறாக, ஏனோக்கை மேற்கோள் காட்டுகிறது என்பதற்காகவே யூதா நிருபத்தைப் பலர் ஒதுக்கினார்கள் என்று ஜெரோம் எழுதியிருக்கிறார். பவுலும் ஏதென்ஸில் பேசும்போது அராத்தஸ் என்ற கிரேக்கக் கவிஞரின் வரியைச் சொன்னார் (அப்போஸ்தலர் 17:28). அதனால் அராத்தஸின் கவிதை வேதமாகிவிடவில்லை. யூதா அந்த வார்த்தைகளைத் தீர்க்கதரிசனம் என்றே சொல்கிறார் என்பதையும் மறுக்க முடியாது. அந்த வாக்கை ஏற்றுக்கொண்டு, புத்தகம் முழுவதையும் தனியாக ஆராய்வதுதான் சரி என்பது என் கருத்து.

என் ஃப்ரெண்டு முஸ்லிம். இத்ரீஸ் நபிதான் உங்க ஏனோக்குன்னு சொல்றான், சரியா?

பெரும்பாலான முஸ்லிம் அறிஞர்கள் அப்படித்தான் கொள்கிறார்கள், வேறு கருத்துகளும் உண்டு. குர்ஆனில் இத்ரீஸ் (அலை) இரண்டு இடங்களில் வருகிறார். 19-ம் அத்தியாயம் அவரை உண்மையாளர், நபி என்று சொல்லி, அவரை உயர்ந்த இடத்துக்கு உயர்த்தியதாகச் சொல்கிறது. 21-ம் அத்தியாயம் இஸ்மாயீல், துல்கிஃப்லு ஆகியோரோடு அவரையும் பொறுமையாளர்களில் ஒருவராகச் சேர்க்கிறது. மிஃராஜ் எனப்படும் வானப் பயணத்தில் முஹம்மது நபி (ஸல்) நான்காம் வானத்தில் இத்ரீஸைச் சந்தித்ததாக ஹதீஸில் உள்ளது.

எழுதுகோலால் முதலில் எழுதியவர், துணி தைத்து உடுத்தியவர் என்றெல்லாம் முஸ்லிம் மரபு அவரைச் சொல்கிறது. யூதர்களின் யூபிலி புத்தகமும் மனிதர்களில் முதலில் எழுதக் கற்றவர் ஏனோக்கு என்கிறது. மேலே பார்த்த "நீதியின் எழுத்தர்" பட்டத்தோடு இது அழகாகச் சேர்கிறது. உங்கள் நண்பரிடம் இதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், சண்டை போட இதில் ஒன்றுமில்லை.

மெட்டட்ரோன் என்ற தூதர் ஏனோக்குதான் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

பைபிளில் இல்லை. மேலே சொன்ன "மூன்றாம் ஏனோக்கு" நூலில் ரபி இஷ்மவேல் வானத்துக்கு ஏறிப்போய் மெட்டட்ரோனைச் சந்திக்கிறார். அந்தத் தூதர், நான்தான் யாரேத்தின் மகன் ஏனோக்கு என்கிறார். அவர் உடல் நெருப்பாக மாறியதும், 72 சிறகுகளும் 3,65,000 கண்களும் கிடைத்ததும் அங்கே வருகின்றன. அந்த 365 மறுபடியும் தலைகாட்டுவதைக் கவனியுங்கள். இவ்வளவு மகிமைக்குப் பிறகும் மற்றத் தூதர்கள் அவரை "இளைஞன்" என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் எல்லோரையும்விட அவர் வயதில் சின்னவராம்.

இது எங்கே போய் முடியும் என்ற கவலை ரபிகளுக்கு இருந்தது. எலிசா பென் அபுயா என்ற அறிஞர், மெட்டட்ரோன் உட்கார்ந்து எழுதுவதைக் கண்டு, ஒருவேளை வானத்தில் இரண்டு அதிகாரங்களோ என்று நினைத்து வழிதவறிப்போனார் என்று ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் வருகிறது. அதற்காக மெட்டட்ரோனுக்கே அறுபது அக்கினிச் சாட்டையடி கிடைத்ததாம். இந்தப் பின்னணியில் பார்த்தால், சில ரபிகள் ஏனோக்கைச் சாதாரண மனிதராகவே வைத்ததன் காரணம் விளங்கும்.

பாபிலோன் கதையிலேர்ந்து எடுத்துட்டாங்கன்னு காலேஜ்ல சார் சொன்னார். என்ன பதில் சொல்றது?

சார் சொல்வதில் விஷயம் இருக்கிறது, தட்டிக்கழிக்காதீர்கள். சுமேரிய அரசர் பட்டியலின் ஒரு முக்கியப் பிரதியில், வெள்ளத்துக்கு முந்திய ஏழாவது அரசன் எம்மென்துரானா. அவன் ஊர் சிப்பர், சூரியதேவனின் நகரம். ஆட்சிக்காலம் 21,000 வருஷம் என்று இருக்கிறது. இன்னொரு பழைய எழுத்தில் சூரியதேவனும் புயல்தேவன் அதாதும் அவனைத் தங்கள் சபைக்குள் அழைத்து, தண்ணீர்மேல் எண்ணெயைப் பார்த்துக் குறி சொல்வது போன்ற ரகசியங்களைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஏழாம் இடம், சூரியன், 365, வானுலக அறிவு என்று வரிசையாக ஒத்துப்போகிறது. ஏனோக்கின் புத்தகத்தில் மிக நீண்ட பகல் இரவைப் போல் இருமடங்கு என்று வரும் கணக்கும் மெசபொத்தாமிய வானியலில் இருப்பதே.

யூதர்கள் பாபிலோனில் வாழ்ந்தவர்கள், அந்தக் கதைகளை அறிந்தே இருந்திருப்பார்கள். வித்தியாசத்தையும் பாருங்கள். ஆதியாகமத்தின் ஏனோக்குக்கு அரியணை இல்லை, குறிசொல்லும் வித்தை இல்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து தேவனோடு சஞ்சரித்தவர், அவ்வளவே. அக்கம்பக்கத்தில் தெரிந்த கதையை வைத்தே அதற்கு மாறான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

வெளிப்படுத்தல் 11-ல வர்ற ரெண்டு சாட்சிகள் ஏனோக்கும் எலியாவும்தானே?

தெர்த்துல்லியன், இப்போலித்து போன்ற பழைய எழுத்தாளர்கள் ஏனோக்கும் எலியாவும் கடைசிக் காலத்தில் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். மரணம் காணாத இருவரும் அப்போது வந்து மரிப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். வெளிப்படுத்தலில் பெயர் கிடையாது. மழை பெய்யாதபடி வானத்தை அடைப்பதும் தண்ணீரை இரத்தமாக்குவதும் எலியாவையும் மோசேயையும் நினைவூட்டுவதால், அவர்கள்தான் என்று கொள்பவர்களும் உண்டு. இதில் எந்தப் பக்கமும் அடித்துப் பேச வசனம் இடம் கொடுக்கவில்லை.

யோவான் 3:13-ல பரலோகத்துக்கு ஏறினவன் ஒருவனுமில்லைன்னு இயேசுவே சொல்றாரே? எபிரெயர் 11:13-ல எல்லாரும் மரித்தார்கள்னு வேற இருக்கு!

கேட்டவர் நன்றாக வாசித்திருக்கிறார். யோவான் 3-ல் பேச்சு நிக்கொதேமுவோடு நடக்கிறது. பரம காரியங்களை யார் வந்து சொல்ல முடியும் என்பதுதான் அங்கே விஷயம். அங்கே ஏறிப்போய், பார்த்து, திரும்பி வந்து சொன்ன மனிதன் இல்லை, இறங்கிவந்த மனுஷகுமாரனே சொல்ல முடியும் என்று பெரும்பாலோர் விளக்குகிறார்கள். ஏனோக்கு தானாக ஏறவில்லை, எடுத்துக்கொள்ளப்பட்டார் என்றும் சொல்வார்கள். ஏனோக்கு வானத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டு வந்து ரகசியங்களைச் சொன்னார் என்று எழுத்துகள் புழங்கிய காலம் அது என்பதை மனதில் வைத்து வாசித்தால், இயேசுவின் வார்த்தைக்கு இன்னும் அழுத்தம் கூடுகிறது.

எபிரெயர் 11:13 கொஞ்சம் சிக்கல்தான். ஐந்தாம் வசனத்தில் மரணத்தைக் காணவில்லை என்று எழுதிய அதே கை, எட்டு வசனம் தள்ளி இவர்களெல்லாரும் மரித்தார்கள் என்று எழுதுகிறது. 13-ம் வசனம் பரதேசிகளாக அலைந்தவர்களைப் பற்றிப் பேசுவதால், அது உடனே முன்னால் வரும் ஆபிரகாம், சாராள், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைக் குறிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஏனோக்கின் புத்தகத்தை நாம வாசிக்கலாமா? எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

வாசிக்கலாம். வேதத்தோடு சமமாக வைக்காமல், இயேசுவின் காலத்து யூதர்கள் எதை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வாசியுங்கள். முதலில் ஆதியாகமம் 5, 6 அதிகாரங்களையும் யூதா நிருபத்தையும் படியுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் ஏனோக்கின் முதல் 16 அதிகாரங்கள். மனு தள்ளுபடியாகும் இடம் அதற்குள் வந்துவிடும். வானியல் பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பத்திலேயே அதில் இறங்கியவர்கள் பலர் பாதியில் விட்டுவிட்டார்கள்.